கார் சாவி திரும்பவில்லையா? பட்டறைக்கு வரும் கேள்விகளும் என் பதில்களும்

மேட்டுப்பாளையம் பக்கம் சின்னதாக ஒரு கார் பட்டறை வைத்திருக்கிறேன். மாதத்தில் நாலைந்து தடவையாவது இப்படி ஒரு போன் வரும்: "அண்ணா, சாவி போட்டா திரும்பவே மாட்டேங்குதுங்க. கொஞ்சம் வந்து பாக்க முடியுமா?" பெரும்பாலும் நான் கிளம்ப வேண்டிய அவசியமே இருக்காது, போனிலேயே தீர்ந்துவிடும். போனில் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சாவியைப் போட்டுத் திருகும் வண்டிகளை வைத்தே எழுதுகிறேன். பட்டன் வண்டிக்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் உண்டு.

ராத்திரி நன்றாகத்தான் நிறுத்தினேன். காலையில் சாவி உள்ளே போகிறது, ஆனால் இம்மிகூடத் திரும்பவில்லை. என்ன ஆயிற்று?

சாவியை விட்டுவிட்டு முதலில் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி நிற்கிறதா? அப்படியானால் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஸ்டீயரிங் லாக் இறுக்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கையால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் அசையுங்கள். ஒரு பக்கம் சுவரில் முட்டினாற்போல் நின்றுவிடும். இன்னொரு பக்கம் ஒரு விரல்கடை அளவு விட்டுக்கொடுக்கும். அந்தப் பக்கமாகவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாவியைத் திருப்புங்கள். உள்ளே 'டக்' என்று கேட்கும், சாவி தானாக வழிவிடும். பலம் முழுவதும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும். சாவியில் வீட்டுப் பூட்டைத் திறக்கும் அளவுக்கு மேல் பலம் வேண்டாம். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துதான் சாவியை வளைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த லாக் எதற்கு இருக்கிறது? ஏன் சாவியைப் பிடிக்கிறது?

பைக்கில் ஹேண்டில் லாக் போடுவீர்கள் அல்லவா, அதே சங்கதிதான். பைக்கில் நீங்களாக ஒடித்து, அழுத்திப் போட வேண்டும். காரில் சாவியை உருவியதும் அது தானாகத் தயாராகிவிடும். இக்னிஷன் லாக்கிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு இரும்பு ஆணி ஸ்பிரிங் வேகத்தில் வெளியே வந்து, ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் பள்ளத்தில் விழும். திருடன் ஒயரை இணைத்து இன்ஜினை ஓட்டினாலும் வண்டியைத் திருப்ப முடியாது. அமெரிக்காவில் 1970 மாடல் கார்களிலிருந்தே இந்த மாதிரித் திருட்டுத் தடுப்பைக் கட்டாயமாக்கினார்கள்.

சாவியைத் திருப்பும்போது அந்த ஆணி பள்ளத்திலிருந்து பின்னால் இழுபட வேண்டும். ஸ்டீயரிங் தண்டு ஒரு பக்கமாக ஆணியின் மேல் சாய்ந்து நசுக்கிக்கொண்டிருந்தால் ஆணி எப்படி வரும்? கதவு லேசாக இறங்கிவிட்டால் தாழ்ப்பாளை இழுக்க முடியாமல், கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுப்போமே, அதைத்தான் இங்கேயும் செய்கிறோம்.

தினமும் அதே இடத்தில்தான் நிறுத்துகிறேன். சில நாள் மட்டும் ஏன் இப்படி?

நிறுத்தும்போது முன் சக்கரம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. சக்கரத்தை ஒடித்த நிலையில் இன்ஜினை அணைத்தால் டயரின் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். அது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும்போது பாரம் முழுவதும் ஆணியின் மேல் விழும். சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டி நின்றாலும் இதேதான்.

இன்னொரு காரணத்தை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. முழங்கால் வலிக்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்திருப்பார்கள். அந்த ஒரு இழுப்பு போதும். நிறுத்திய வண்டிக்குள் பிள்ளைகள் டிரைவர் விளையாட்டு விளையாடினாலும் போதும்.

நீங்கள் சொன்ன மாதிரி எல்லாம் ஆட்டிப் பார்த்தாயிற்று. வரவே இல்லை.

அப்படியானால் பாரம் உங்கள் கைக்கு மீறியது. அதற்கும் வழி இருக்கிறது. கியர் வண்டி என்றால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, இரண்டு பேரை முன்னும் பின்னும் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். சக்கரம் நாலு அங்குலம் உருண்டாலே முறுக்கு விட்டுவிடும். சமதளத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள், ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருக்கட்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போது பிரேக் இறுக்கமாக இருக்கும், ஓங்கித்தான் மிதிக்க வேண்டும்.

தள்ள இடமில்லை என்றால் ஜாக்கி. போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து அதிகாலை நாலரைக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணை அழைக்கப் போக வேண்டிய வண்டி. மண்டப வாசல் சரிவில், இடது முன் சக்கரம் தென்னம்பாத்திக் கல்லில் ஏறி நிற்கிறது. நான் போவதற்குள் மூன்று பேர் முயன்று பார்த்திருந்தார்கள். அதில் ஒருவர் சமையல்கட்டிலிருந்து கொறடு வாங்கிவந்து சாவியைத் திருகியிருக்கிறார், சாவியின் கழுத்து லேசாக முறுக்கியிருந்தது. பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, அந்த முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். டயர் தரையை விட்டு எழும்பியதும் உள்ளே ஸ்டீயரிங் தானாக ஒரு துள்ளு துள்ளியது. மாப்பிள்ளையின் தம்பி சாவியை வைத்தார், திரும்பிவிட்டது. எனக்கு அன்று கூலி டிபன்தான், கேசரி நன்றாக இருந்தது.

ஜாக்கி வேலைக்கு ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: வண்டிக்கடியில் தலையோ கையோ போகக்கூடாது. சரிவு அதிகம் என்றால் நீங்களே செய்யாதீர்கள்.

ஸ்டீயரிங் இலகுவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சாவி திரும்பவில்லையே?

அப்போது சந்தேகம் சாவியின் மேல். வீட்டில் பீரோவில் தூங்கும் இன்னொரு சாவியை எடுத்துவந்து போட்டுப் பாருங்கள். அது திரும்பினால் லாக் நன்றாக இருக்கிறது, தினமும் உபயோகிக்கும் சாவிதான் தேய்ந்துவிட்டது.

லாக்குக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மயிரிழை போல் ஒரு ஸ்பிரிங். சாவியின் மேடு பள்ளம் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் சாவி நுழையும் உருளை சுற்றும். பத்து வருடம் தினமும் நாலு தடவை போட்டு எடுத்தால் மேடு மழுங்கிவிடும். ஒரு தகடு இம்மியளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் லாக் விடாது. அதனால்தான் தேய்ந்த சாவி முதலில் எப்போதாவது ஒருமுறை மக்கர் பண்ணும், அப்புறம் வாரம் ஒருமுறை, கடைசியில் ஒரு நாள் நடுரோட்டில் காலை வாரிவிடும். சாவியை முழுக்க உள்ளே தள்ளி, ஒரு மயிரிழை வெளியே இழுத்துத் திருப்பினால் வருகிறது என்று நீங்களாகவே ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தால், தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சரி, தேய்ந்த சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட்டுக்கொள்ளலாமா?

போடலாம், ஆனால் அந்தத் தேய்ந்த சாவியைக் கொடுத்துப் போடக்கூடாது. கடைக்காரர் தேய்மானத்தையும் சேர்த்து அப்படியே அடித்துக் கொடுப்பார். புதிதாக மினுங்கும், லாக் அதே பழைய தகராறு செய்யும். பீரோவில் இருக்கும் நல்ல சாவியைக் கொடுங்கள். இல்லையென்றால், வண்டி வாங்கியபோது சாவிக்கொத்தோடு சின்னத் தகடு ஒன்றில் ஒரு எண் அடித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்துக் கம்பெனி அளவிலேயே சாவி வெட்டலாம். அந்தத் தகட்டைச் சாவிக்கொத்திலேயே மாட்டிவைக்காதீர்கள், கொத்து தொலைந்தால் எண்ணும் சேர்ந்து போகும்.

சிப் வைத்த சாவி என்றால் உலோகத்தை மட்டும் வெட்டினால் போதாது. லாக் திரும்பும், இன்ஜின் எடுக்காது. சிப்பையும் வண்டிக்குப் பழக்க வேண்டும்.

மடக்குச் சாவியாக மாற்றினேன். அதிலிருந்துதான் பிரச்சினை.

கேட்டதும் தெரிந்துவிடும் ரகம் இது. கடைகளில் விற்கும் மடக்குச் சாவிக் கூடுகளில் சாவி அலகைப் பிடித்திருக்கும் சின்ன ஆணி சீக்கிரம் ஆட்டம் கொடுத்துவிடும். அலகு முழுதாக உள்ளே போகாது, போனாலும் சாய்ந்து நிற்கும். பழைய சாவியைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

லாக்குக்குள் என்ன எண்ணெய் விடலாம்?

எண்ணெயே விடாதீர்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். விட்ட அன்று வழுவழுவென்று போகும். இரண்டு மாதத்தில் தூசியைப் பிடித்து உள்ளே பிசின் மாதிரி ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம். குளிரில் அது உறைந்துவிடும் என்று தலைக்குத் தேய்க்கிற எல்லோருக்கும் தெரியும், லாக்குக்கு விடும்போது மட்டும் மறந்துவிடுகிறார்கள். இங்கே கீழே நன்றாக இருந்த வண்டி, மார்கழியில் ஊட்டிக்குப் போய் ஒரு ராத்திரி நின்றுவிட்டு, காலையில் சாவி திரும்பாமல் எனக்குப் போன் வந்திருக்கிறது.

வேண்டியது உலர்ந்த வழுவழுப்பு. ஹார்டுவேர் கடையில் பூட்டுக்கென்று விற்கும் கிராஃபைட் பொடியில் ஒரு சிட்டிகை போதும். இல்லையென்றால் உலர்ந்துவிடும் டெஃப்லான் ஸ்பிரே. இரண்டும் கிடைக்காத இடத்தில் பிள்ளைகளின் பென்சில் பெட்டியைத் திறங்கள். பென்சில் முனையும் கிராஃபைட்தான். சாவியின் இரண்டு பக்கமும் கறுக்கத் தேய்த்து, பத்துப் பதினைந்து தடவை உள்ளே விட்டு எடுங்கள். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், லாக்குக்குப் பின்னால் இருப்பதோ சுவிட்ச். அதனால் டப்பாவோடு கவிழ்க்க வேண்டாம்.

டபிள்யூ.டி.40 ஸ்பிரே அடிக்கலாமா என்று கேட்பார்கள். அழுக்கைக் கரைத்து வெளியேற்ற ஒரு தடவை அடிக்கலாம். அது சுத்தம் செய்யும் சாமான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மாதாமாதம் ஊற்றும் மருந்தாக வேண்டாம்.

ஆயுத பூஜைக்குப் பிறகுதான் சாவி இறுக ஆரம்பித்தது. சம்பந்தம் உண்டா?

சிரிக்காதீர்கள், உண்டு. பூஜை முடிந்த வாரம் இதற்கென்றே வண்டிகள் வரும். சாவிக்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஈரம் காய்வதற்குள் லாக்கில் போட்டு ஒரு சுற்று. சந்தனம் உள்ளே காய்ந்து சுண்ணாம்பு மாதிரி தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். இக்னிஷன் ஓட்டையையே ஊதுவத்தி ஸ்டாண்டாக்கியவர்களும் உண்டு. ஒரு வண்டியில் உடைந்த ஊதுவத்திக் குச்சியின் முனையை ஊசியால் தோண்டி எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. சாமிக்கு வைக்கிற பொட்டைச் சாவியின் தலையில், பிளாஸ்டிக்கில் வையுங்கள். இரும்பில் வேண்டாம்.

ஏற்கெனவே போய்விட்டது என்றால், சாவியை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, லாக்கில் டபிள்யூ.டி.40 அடித்து, சாவியை விட்டு எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, துணியில் சிவப்பு வருவது நிற்கும் வரைக்கும் செய்யுங்கள். காய்ந்ததும் கிராஃபைட். ஒரு தகடு மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றினால், சாவியை உள்ளே வைத்தபடி அதன் தலையில் ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். லேசாக என்றால், கதவைத் தட்டும் அளவுக்கு.

சாவி உள்ளேயே ஒடிந்துவிட்டது.

ஒடிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மெல்லிய மூக்குக் கொறடால் நேராக இழுங்கள். உள்ளே போய்விட்டது என்றால் மிச்சச் சாவியை விட்டுத் துழாவாதீர்கள், துண்டு இன்னும் ஆழம் போகும். ஃபெவிக்விக் வைத்து ஒட்டி இழுக்கலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பசை வழிந்து தகடுகளில் ஒட்டினால் லாக்கையே மாற்ற வேண்டும். சாவி போடுகிறவரிடம் இதற்கென்று கொக்கி ஊசி இருக்கிறது, அவரைக் கூப்பிடுங்கள். ஒடிந்த இரண்டு துண்டையும் பத்திரமாக வையுங்கள், சேர்த்து வைத்தே புதுச்சாவி வெட்டிவிடுவார்.

சாவி திரும்புகிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இதுவும் அதே பிரச்சினையா?

இல்லை, இது வேறு வீடு. 'டிக் டிக்' சத்தம் என்றால் பேட்டரியைப் பாருங்கள். டேஷ்போர்டில் சாவிப்படம் மின்னினால் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. சில வண்டிகளில் கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். ஆட்டோமேட்டிக்கில் கியர் 'பி' (பார்க்) அல்லது 'என்' (நியூட்ரல்) இல்லையென்றால் எடுக்காது.

பேட்டரி தீர்ந்தால் சாவியே திரும்பாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாதாரணச் சாவி லாக்கில் அப்படி இல்லை, அது முழுக்க இரும்பு வேலை. பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் சாவி திரும்பும்.

திரும்புவது இருக்கட்டும், சாவி வெளியே வரவில்லை!

ஆட்டோமேட்டிக் என்றால் கியர் 'பி'-யில் முழுதாக உட்காரவில்லை. பிரேக்கை மிதித்து ஒருமுறை கீழே கொண்டுவந்து, மறுபடி அழுத்தி 'பி'-க்குத் தள்ளுங்கள். அப்போதும் வராவிட்டால் பேட்டரி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில ஆட்டோமேட்டிக்குகளில் சாவியை விடுவிப்பது மின்சாரக் கருவி. கியர் வண்டி என்றால், பல மாடல்களில் 'ஏ.சி.சி.' நிலையில் (இன்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் பாடும் நிலை) சாவியை உள்ளே அழுத்தியபடிதான் 'லாக்'குக்குத் திருப்ப வேண்டும். ஓடும்போது கை தவறி ஸ்டீயரிங் லாக் விழுந்துவிடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வண்டியை இரவல் வாங்கியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

மலை இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினால் ஸ்டீயரிங் லாக் ஆகிவிடுமா?

சாவி 'ஆன்' அல்லது 'ஏ.சி.சி.'-யில் இருக்கும்வரை ஆகாது, உருவினால் ஆகும். ஆனால் கேள்வியே தப்பு. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கான உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நாற்பது ரூபாய் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

ஸ்டார்ட் ஆன பிறகு சாவி தானாகத் திரும்பி வரவில்லை.

'ஸ்டார்ட்'டிலிருந்து கையை எடுத்ததும் ஸ்பிரிங் சாவியை 'ஆன்'-க்குக் கொண்டுவர வேண்டும். வரவில்லை என்றால் செல்ஃப் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், சூடாகிப் புகைந்துவிடும். கையால் பின்னுக்குத் திருப்பிவிட்டு, அன்றைக்கே பட்டறைக்கு விடுங்கள். இந்தப் பக்கத்தில் தள்ளிப்போடக்கூடாத கோளாறு இது ஒன்றுதான்.

கனமான சாவிக்கொத்து லாக்கைக் கெடுக்குமா?

கெடுக்கும். வீட்டுச் சாவி, கடைச் சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் ஒரே கொத்தில் தொங்கி, குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் லாக்கை ஆட்டிக்கொண்டே இருக்கும். 2014-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது நம் பிரச்சினைக்கு நேர்மாறான கோளாறுக்காக. இக்னிஷன் சுவிட்ச் அளவுக்கு மீறி இலகுவாக இருந்ததால், ஓடும்போதே சாவி 'ஆன்' நிலையிலிருந்து நழுவி, இன்ஜின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போயிற்று. இதற்காக அந்தக் கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி 124 பேரின் சாவுக்கு இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. சரிசெய்யும்வரை கொத்தில் சாவியைத் தவிர எதையும் மாட்டாதீர்கள் என்றுதான் அந்தக் கம்பெனியே சொன்னது.

லாக்கையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா, பணம் பிடுங்குகிறார்களா?

நல்ல சாவியும் திரும்பவில்லை, ஸ்டீயரிங் இலகுவாக இருக்கிறது, சுத்தம் செய்தும் பலனில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் உண்மை. அப்போதும் ஒரு கேள்வி கேளுங்கள்: "உருளையைக் கழற்றித் தகடு மாற்ற முடியாதா?" கைவேலை தெரிந்த சாவிக்காரர் தேய்ந்த இரண்டு தகடுகளை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார். சர்வீஸ் சென்டரில் இதைச் செய்யமாட்டார்கள், முழு லாக் செட்தான். இக்னிஷன், கதவுகள், டிக்கி எல்லாவற்றுக்கும் ஒரே சாவி கிடைக்கும் என்பது அதில் ஒரு வசதி. இக்னிஷனை மட்டும் மாற்றினால் கதவுக்கு ஒன்று, ஸ்டார்ட்டுக்கு ஒன்று என்று இரண்டு சாவி சுமக்க வேண்டும். என் சொந்த வண்டியில் மூன்று வருடமாக அப்படித்தான் சுமக்கிறேன்.

சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய செட் வாங்கலாம். சாவியோடு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள், சிப் வண்டி என்றால் வேண்டவே வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. சாவி இறுக்கமாகத் திரும்புகிறது.

திருப்பாதீர்கள். லாக்கில் சேறு போயிருப்பது சின்ன விஷயம். இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்து நீங்கள் செல்ஃப் அடித்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். தூக்கிக்கொண்டு போகும் வண்டியை வரச்சொல்லுங்கள்.

கட்டி இழுத்துக்கொண்டு வரலாமா?

ஸ்டீயரிங் லாக்கில் இருக்கும்போது கயிறு கட்டி இழுக்கவே கூடாது, வளைவில் சக்கரம் திரும்பாது. முழு வண்டியையும் மேலே ஏற்றும் லாரிதான் வேண்டும். இன்ஷூரன்ஸில் சாலை உதவி சேர்த்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். நிறையப் பேர் பணம் கட்டிவிட்டு மறந்திருப்பார்கள்.

என்னுடையது பட்டன் ஸ்டார்ட். எனக்கு இந்தத் தொல்லை இல்லையே?

உண்டு. பட்டன் வண்டிகள் பலவற்றில் அதே ஆணியை மோட்டார் இழுக்கிறது. பாரம் இருந்தால் அதுவும் திணறி, ஸ்டீயரிங் படம் டேஷ்போர்டில் மின்னும். ஸ்டீயரிங்கை ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். ஒன்றுமே எரியவில்லை என்றால் பேட்டரி. வண்டிக்குள் சாவி இல்லை என்று காட்டினால் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. ரிமோட்டையே பட்டனில் ஒட்டிவைத்து அழுத்தினால் பெரும்பாலான மாடல்கள் எடுத்துவிடும். பல ரிமோட்டுகளில் இருப்பது சி.ஆர். 2032, வாட்ச் கடையில் கிடைக்கும்.

இன்னொரு சாவியை எங்கே வைப்பது நல்லது?

வீட்டில், இன்னொருவருக்கும் தெரிந்த இடத்தில். காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்களில் இதுவரை இரண்டு பேருக்குக் கதவைத் திறந்து கொடுத்திருக்கிறேன். அதில் ஒருவர் என் மச்சான்.